சமவெளிக்காரர்கள் பாடிய கடல் பாட்டு

இத்தாலி இதுவரை ஐரோப்பிய நாடுகளின் யூரோவிஷன் பாட்டுப் போட்டிக்கு அனுப்பிய டூயட்டுகளில் எது சிறந்தது என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் சொல்லிவிடுவேன்: ‘ஜென்தே தி மாரே’, 1987, பிரஸ்ஸல்ஸ். உம்பெர்த்தோ தோட்ஸியும் ராஃபும் பாடியது. கடலோடிகளைப் பற்றிய பாட்டு. அந்த வருஷம் 22 நாடுகள் போட்டியிட்டன, இத்தாலிக்கு 103 புள்ளிகளோடு மூன்றாவது இடம். 172 புள்ளி எடுத்து ஜெயித்தவர் அயர்லாந்தின் ஜானி லோகன், இரண்டாவது மேற்கு ஜெர்மனி. ஜானி லோகன் நன்றாகவே பாடினார், அவர் ஜெயித்ததில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. ஆனால் எந்தப் பக்கம் நடந்தாலும் கடலில்தான் போய் நிற்க வேண்டிய மொரிஷியஸில் உட்கார்ந்து கேட்கிற எனக்கு அந்த இரவின் பாட்டு இதுதான்.

தமிழ்நாட்டிலிருந்து படிக்கிறவர்களுக்கு, இத்தாலியப் பாட்டுக்கும் மொரிஷியஸ் தமிழருக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். எங்கள் வீட்டில் பேச்சு எங்கள் தீவின் கிரியோல் மொழியில். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலமும் பிரெஞ்சும், கூடவே ஒரு பாடமாகத் தமிழ். கோயிலில் தேவாரம், திருப்புகழ். ரேடியோவைத் திருப்பினால் எங்கள் தீவின் செகா பாட்டு, இந்திப் பாட்டு, பிரெஞ்சுப் பாட்டு, அந்தப் பிரெஞ்சுப் பாட்டுகளுக்கு நடுவில் சொல்லாமல் கொள்ளாமல் வந்து உட்கார்ந்துகொண்ட இத்தாலியப் பாட்டுகள். தோட்ஸி 1977ல் பாடிய ‘தி ஆமோ’வை என் அம்மா வயதுக்காரர்கள் யாரிடம் கேட்டாலும், வார்த்தை தெரியாவிட்டாலும் மெட்டை முனகிக் காட்டுவார்கள். பிரெஞ்சு பழகிய காதுக்கு இத்தாலியப் பாட்டு பாதி புரியும், மீதியைக் குரல் சொல்லிவிடும். அப்புறம் நேரம். மே மாதம் ஐரோப்பாவில் இரவு 9 மணிக்குப் போட்டி தொடங்கும்போது எங்களுக்கு 11 மணி, புள்ளி எண்ணி முடிக்க விடியற்காலை 3 ஆகிவிடும். சனிக்கிழமை இரவு என்பதால் எங்கள் வீட்டில் யாரும் இதற்காகக் கோபித்துக்கொள்வதில்லை.

போட்டியைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இத்தாலியில் சான்ரெமோ என்ற கடலோர ஊரில் 1951ல் ஒரு பாட்டுத் திருவிழா ஆரம்பித்தார்கள், அதைப் பார்த்துத்தான் 1956ல் ஐரோப்பியத் தொலைக்காட்சிகள் சேர்ந்து யூரோவிஷனைத் தொடங்கின. ஒரு பாட்டு மூன்று நிமிஷத்தைத் தாண்டக்கூடாது. 1977லிருந்து 1998 வரை ஒவ்வொரு நாடும் தன் சொந்த மொழியில்தான் பாட வேண்டும் என்ற விதி இருந்தது. அதனால் 1987ல் தோட்ஸியும் ராஃபும் முழுக்க இத்தாலியத்தில் பாடினார்கள், பின்னால் நிஜமான வாத்தியக்குழு உட்கார்ந்து வாசித்தது. அந்த விதி போனதில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு. இன்றைக்குப் பலரும் ஆங்கிலத்தில் ஒரே மாதிரி பாடுகிற நேரத்திலும் இத்தாலி பெரும்பாலும் தன் மொழியை விடுவதில்லை, அந்த நாட்டின் மேல் எனக்கு மரியாதை வருவதற்கு இது ஒன்றே போதும்.

சரி, டூயட் விஷயத்துக்கு வருகிறேன். நமக்கு டூயட் என்றாலே ஓர் ஆண் குரல், ஒரு பெண் குரல், நடுவில் காதல். சினிமா அப்படிப் பழக்கிவிட்டது. இரண்டு ஆண்கள் சேர்ந்து பாடினால் அது நட்பைக் கொண்டாடும் பாட்டு, தளபதியில் எஸ்.பி.பி.யும் யேசுதாஸும் பாடினார்களே, அந்த மாதிரி. ‘ஜென்தே தி மாரே’ இந்த இரண்டிலும் சேராது. அவர்கள் ஒருவருக்காக ஒருவர் பாடவில்லை, தங்கள் நட்பைப் பற்றியும் பாடவில்லை. இரண்டு பேரும் கரையில் நின்று ஒரே திசையைப் பார்த்துப் பாடுகிறார்கள், பாட்டில் வருகிறவன் அங்கே இல்லை, அவன் கப்பலில் போய்க்கொண்டிருக்கிறான். இப்படி ஒரு டூயட்டை நான் அதற்கு முன்பு கேட்டதில்லை.

பாட்டின் சாரத்தை என் சொந்த வார்த்தையில் சொல்கிறேன். நாங்கள் சமவெளி மனிதர்கள், நகரத்துத் தெருக்களில் வழி கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள், ஆனால் கடலைக் கண்டால் எங்களுக்கு எப்போதும் கொஞ்சம் பயம், ஏனென்றால் அதில் இருக்கும் சுதந்திரம் எங்களுக்கு அளவுக்கு மீறியது என்று தொடங்குகிறது. பிறகு, இருந்தாலும் எங்கள் தலைமுடியில் உப்பு இருக்கிறது, கடலின் ஆழம் எங்களுக்குள்ளும் இருக்கிறது என்கிறார்கள். சால்வைக்குள் குளிரில் ஒடுங்கிக்கொண்டு எதற்கென்றே தெரியாமல் காத்திருக்கும் பெண்கள் வருகிறார்கள். பல்லவியில் கடலோடிகள்: மனம் போன இடத்துக்கு, தெரியாத இடத்துக்குப் போகிறவர்கள், ஊர் நினைப்பில் செத்துப் போகிறவர்கள், ஆனால் ஊர் திரும்பின மறுநாளே புறப்பட வேண்டும் என்று தவிக்கிறவர்கள். இந்தப் பக்கம் நாங்கள் பெரிய நகரங்களில் கைதிகள், இன்றைக்கும் நேற்றைக்கும் நடுவில் ஆணி அடித்து நிறுத்தப்பட்டவர்கள். மூன்று நிமிஷத்தில் இவ்வளவும்.

ஊர் நினைப்பில் செத்துப் போவான், ஊர் வந்து சேர்ந்ததும் கிளம்பத் தவிப்பான் என்று ஒரே மூச்சில் சொல்கிற அந்த இடம் இருக்கிறதே, அதற்குத்தான் இரண்டு குரல் வேண்டும். தோட்ஸியின் குரல் மேலே போகப் போக ஒரு சொரசொரப்பு வரும், கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு பாடுகிற குரல். ராஃபின் குரல் அதைவிட வழுவழுப்பு, பதற்றம் குறைவு. ஒன்று போக வேண்டும் என்று துடிக்கிறது, இன்னொன்று போய்விட்டு வந்தவனுடையது போல இருக்கிறது. இதைத் தோட்ஸி தனியாக மேடையில் பாடியும் கேட்டிருக்கிறேன், மெட்டு அதேதான், அந்த இழுபறி மட்டும் கிடைப்பதில்லை. இரண்டு பேர் பாட வேண்டும் என்பதற்காகவே சில பாட்டுகள் எழுதப்படுகின்றன, இது அதில் ஒன்று என்று நினைக்கிறேன்.

பாட்டை எழுதியவர்கள் அவர்கள் இருவரோடு ஜன்கார்லோ பிகாட்சி. மூவரும் அந்த வருஷம் சும்மா இருக்கவில்லை. அதே 1987 பிப்ரவரியில் தோட்ஸி, ஜான்னி மொராந்தி, என்ரிகோ ருஜேரி மூவரும் சேர்ந்து பாடி சான்ரெமோவை ஜெயித்த பாட்டும் தோட்ஸி, ராஃப், பிகாட்சி எழுதியதுதான். ஆனால் பிரஸ்ஸல்ஸுக்குப் போனது ஜெயித்த அந்தப் பாட்டு இல்லை, இது. நல்ல முடிவு. முந்தின வருஷம் இத்தாலி போட்டிக்கே வரவில்லை என்பதையும் நினைத்துப் பாருங்கள், ஒரு வருஷம் விலகியிருந்துவிட்டுத் திரும்பி வரும்போது இப்படி ஒரு பாட்டோடு வந்தார்கள்.

இன்னொரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். தோட்ஸி டுரின்காரர், அது போ ஆற்றுச் சமவெளியில் இருக்கிற தொழில் நகரம், கடற்கரை கிடையாது. அதாவது முதல் வரியில் வரும் சமவெளி மனிதர் அவரேதான். ராஃப் பிறந்தது தெற்கே புலியா மாகாணத்தில், அட்ரியாட்டிக் கடலோரம் மர்கெரிதா தி சவோயா என்ற ஊரில். இத்தாலியின் மிகப் பெரிய உப்பளங்கள் இருப்பது அந்த ஊரில்தான். தலைமுடியில் உப்பு என்று அவர் பாடும்போது அது கவிஞர் கற்பனையாக எனக்குக் கேட்பதில்லை. எங்கள் மேற்குக் கரையில் தாமரின் உப்பளங்களைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும், அங்கே பெண்கள் உப்பை வாரிக் கூடையில் போட்டுத் தலையில் சுமந்து போவார்கள், வெயிலில் கண்ணைத் திறக்க முடியாத வெள்ளை. சமவெளிக்காரர் ஒருவர், உப்புக்கரைக்காரர் ஒருவர் என்று இருவர் சேர்ந்ததால்தான் அந்தப் பாட்டில் கடல் மேல் ஆசையும் பயமும் சரிபாதியாக இருக்கிறது.

ஆசையும் பயமும் எங்களுக்கும் பழைய கதை. பிரெஞ்சு ஆளுநர் லா பூர்தொனே காலத்தில், 1730களிலிருந்து பாண்டிச்சேரிப் பக்கத்துக் கைவினைஞர்கள் இங்கே வந்தார்கள். 1834க்குப் பிறகு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர்கள் வந்தார்கள். அவர்களில் பெரும்பாலானவர்கள் வயல்காட்டு மனிதர்கள். திரைகடலோடியும் திரவியம் தேடு என்று ஔவை சொன்னது வியாபாரிக்கு, இவர்கள் தேடிப் போனது கூலி. கடலைக் கண்டு நடுங்கியவர்கள் ஒரே ஒரு தடவை கப்பலேறி, போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் கூலிகள் வந்திறங்கிய ஆப்ரவாசி காட் படிகளில் இறங்கி, கரும்புத் தோட்டத்துக்குள் போனார்கள். பலர் திரும்பவே இல்லை. ஆகவே பாட்டில் வரும் கடலோடிகளின் வம்சம் என்று எங்களைச் சொல்லிக்கொள்ள முடியாது. கடலைக் கடந்தும் சமவெளிக்காரர்களாகவே இருந்துவிட்டவர்களின் வம்சம் நாங்கள்.

அந்த வழக்கத்தை எங்கள் குடும்பத்தில் முதலில் உடைத்தது என் மாமா. அம்மாவின் தம்பி. தாத்தா போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் சீனி மூட்டை சுமந்தவர், கரையிலிருந்து படகுக்கு, படகிலிருந்து கப்பலுக்கு என்று மூட்டை மூட்டையாக ஏற்றிய காலம் அது. 1980ல் சீனியை மூட்டை கட்டாமலே நேராகக் கப்பலுக்குள் கொட்டும் முனையம் வந்தது, சுமை தூக்குகிறவர்களுக்கு வேலை போனது. தாத்தா கப்பல்களைத் தொட்டுத் தொட்டு வாழ்ந்தவர், ஒரு நாளும் ஒன்றில் ஏறிப் போனதில்லை. மாமா ஏறிவிட்டார். உல்லாசக் கப்பல் ஒன்றில் சமையலறை வேலை, கப்பல் இத்தாலியர்களுடையது. இந்த ஊரில் அது ஒன்றும் அபூர்வம் இல்லை, எங்கள் தெருவிலேயே கப்பலில் வேலை பார்க்கும் பையன்கள் இருக்கிறார்கள், ஹோட்டல் பயிற்சி முடித்தவுடன் மனு போட்டுவிடுகிறார்கள், மாதக்கணக்கில் ஒப்பந்தம், பிறகு விடுப்பு, பிறகு அடுத்த ஒப்பந்தம். இத்தாலிய மொழியை மாமா சமையலறையில்தான் கற்றுக்கொண்டார், திட்டு வார்த்தைகள் முதலில், சமையல் வார்த்தைகள் பிறகு, பாட்டுகள் கடைசியில். ‘ஜென்தே தி மாரே’யை முழுக்க எனக்குப் புரியவைத்தவர் அவர்.

மாமா வீடு திரும்பும் நாளை எங்கள் வீட்டில் எல்லோரும் அறிவோம். முதல் நாள் பிரியாணி, இரண்டாம் நாள் கோயில், மூன்றாம் நாள் சொந்தக்காரர் வீடுகள். ஏழு காய்க் கறி சாப்பிட்டு எவ்வளவு நாளாகிறது என்று கண் கலங்குவார், நடிப்பு இல்லை, உண்மையிலேயே கலங்குவார். ஒரு வாரம் போகும். அப்புறம் அவர் பார்வை மாறும். தோட்டத்தில் உட்கார்ந்திருப்பார், எந்தக் கப்பல் எந்தத் துறைமுகத்தில் நிற்கிறது என்று போனில் பார்த்துக்கொண்டிருப்பார், இரவு தூக்கம் வராது, தரை ஆடவில்லை என்பதால் தூக்கம் வரவில்லை என்பார். இதைத்தான் அந்தப் பாட்டு சொல்கிறது. வேறு எந்தப் பாட்டும் என் மாமாவை இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை, செகா பாட்டுகளும் சேர்த்துத்தான் சொல்கிறேன். எங்கள் செகாவில் கடலில் போய் மறைந்த மீனவர்கள் உண்டு, தீவை விட்டுப் போனவர்களின் ஏக்கம் உண்டு, திரும்பி வந்தவனின் இந்தத் தவிப்பை நான் கேட்டதில்லை.

ஒரு தடவை மாமா கப்பலில் இருந்த சமயம் மாமி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது இந்தப் பாட்டைப் போட்டேன். என்ன சொல்கிறது என்று கேட்டார். கிரியோலில் வரி வரியாகச் சொன்னேன். கேட்டுவிட்டு, “சால்வை போட்டுக்கொண்டு நிற்கிற பொம்பளைக்கு இரண்டு வரி. மிச்சம் எல்லாம் அவனுக்கா?” என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை, கீரை ஆயப் போய்விட்டார்.

நான் அதைப் பற்றி நிறைய யோசித்தேன். மாமி சொன்னது சரி. பாட்டின் குறை அதுதான். கரையில் காத்திருப்பவளைப் பார்த்தார்கள், அவள் எதற்காகக் காத்திருக்கிறாள் என்று கேட்காமலே பல்லவிக்குப் போய்விட்டார்கள். நம் சங்கப் பாட்டில் இது நேர் எதிர். நெய்தல் திணைக்கு உரிய பொருளே இரங்கல், அங்கே பேசுகிறவள் பெரும்பாலும் கரையில் இருக்கிற தலைவி, இல்லாவிட்டால் அவளுடைய தோழி. ஐங்குறுநூற்றில் அம்மூவனார் நெய்தலுக்கு நூறு பாட்டு எழுதியிருக்கிறார், அந்தப் பாட்டுகளில் கழி, நாரை, புன்னை மரம், உப்பு வெளுத்த மணல் எல்லாம் காத்திருக்கிறவளின் கண் வழியாகத்தான் தெரிகின்றன. அவனுக்கு என்ன ஆசை, அவன் எந்தத் திசை என்பது அங்கே இரண்டாம்பட்சம். மஹாத்மா காந்தி இன்ஸ்டிடியூட்டில் தமிழ் படித்த என் தோழி ஒருத்தியிடம் இதைச் சொன்னபோது, தோட்ஸியும் ராஃபும் பாடியதை எடுத்து அதற்கு மூன்றாவதாக ஒரு பெண் குரல் எழுத வேண்டும் என்றாள். யாராவது எழுதினால் நான் முதல் ஆளாகக் கேட்பேன்.

பெண் குரல் உள்ள டூயட்டுகள் இத்தாலிக்கு இல்லாமல் இல்லை. 1975ல் ஸ்டாக்ஹோமில் வெஸ், டோரி கெட்சி இருவரும் ‘எரா’ என்ற பாட்டைப் பாடினார்கள், 115 புள்ளி, அதுவும் மூன்றாவது இடம். இப்போது நாம் பார்க்கிற 12 புள்ளி முறை அறிமுகமானது அந்த வருஷம்தான். வெஸ் அமெரிக்கக் கறுப்பினத்தவர், வட கரோலினாவில் பிறந்து இத்தாலியில் பாடகரானவர். அவருடைய அடர்ந்த குரலும் டோரியின் மெல்லிய குரலும் உரசிக்கொள்ளும் விதம் எனக்குப் பிடிக்கும், பாட்டு வயசாகிவிட்டது என்று சொல்பவர்களோடு நான் சேரமாட்டேன். அல் பானோவும் ரொமினா பவரும் இரண்டு தடவை வந்தார்கள், 1976லும் 1985லும், இரண்டு தடவையும் ஏழாவது. அவர்கள் அப்போது நிஜத்திலேயே கணவன் மனைவி, சினிமா டூயட் கேட்டு வளர்ந்த நமக்கு உடனே ஒட்டிக்கொள்ளும். எனக்கு அந்தப் பாட்டுகள் இனிப்பு ஜாஸ்தி.

1984 வேறு விஷயம். லக்ஸம்பர்க்கில் அலீச்சேயும் ஃப்ராங்கோ பத்தியாத்தோவும் ‘இ த்ரெனி தி தொஸேர்’ பாடினார்கள், 70 புள்ளி, பெல்ஜியத்தோடு சேர்ந்து ஐந்தாவது இடம். தொஸேர் துனிசியாவில் பாலைவனத்து ஊர். எல்லைக் கிராமங்களில் ஜனங்கள் ரயில் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், ஒரு கணம் வேறொரு வேகத்தில் வாழ வேண்டும் என்ற ஆசை திரும்பி வருகிறது, அவ்வளவுதான் பாட்டு. நடுவில் ஓபரா பாடகர்கள் ஜெர்மனில் மோட்ஸார்ட் வரிகளைப் பாடுகிறார்கள், அதை யூரோவிஷன் மேடையில் செய்ய ஒரு தைரியம் வேண்டும். பத்தியாத்தோ சிசிலிக்காரர், 2021ல் காலமானார், கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் வட ஆப்பிரிக்காவைத் தன் பாட்டுகளில் பக்கத்து வீடு மாதிரி எழுதியவர். அலீச்சே இதில் யாருக்கும் துணைக்குரல் இல்லை. அவருடைய கனத்த குரல்தான் பாட்டைத் தாங்குகிறது, பத்தியாத்தோவின் குரல் அதன் பக்கத்தில் நூல் மாதிரி ஓடும். காதலும் இல்லை, கணவன் மனைவியும் இல்லை. மாமியின் கேள்விக்குப் பிறகு நான் அடிக்கடி கேட்பது இதைத்தான். எங்கள் தீவில் பயணிகள் ரயில் 1956ல் நின்றுபோனது, இப்போது மெட்ரோ ஓடுகிறது, பழைய ரயிலைப் பற்றிப் பாட்டி பேசினால் அந்தப் பாட்டின் வேகத்தில்தான் பேசுவார்.

இதில் எதுவும் ஜெயிக்கவில்லை என்பதைக் கவனித்தீர்களா? இத்தாலி ஜெயித்தது 1964, 1990, 2021. தனிப் பாடகி, தனிப் பாடகர், ஒரு ராக் குழு. டூயட்டுக்கு இரண்டு தடவை மூன்றாவது இடம் கிடைத்ததோடு சரி.

2018ல் லிஸ்பனில் எர்மால் மேதா, ஃபாப்ரிட்சியோ மோரோ இருவரும் பாடியதுதான் எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். அதுவும் இரண்டு ஆண்கள், அதுவும் ஒருவரைப் பற்றி ஒருவர் பாடாதது. குண்டு வெடித்த, லாரி ஏற்றிக் கொன்ற ஊர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லி, நீங்கள் எங்களை எதுவும் செய்துவிடவில்லை என்று பாடுகிற பாட்டு. கெய்ரோ, லண்டன், நீஸ் எல்லாம் வரும். மேதா அல்பேனியாவில் பிறந்து பதின்மூன்று வயதில் அட்ரியாட்டிக்கைத் தாண்டி பாரி நகருக்கு வந்தவர், மோரோ ரோம் நகரத்துக்காரர். மேடையில் நடனம் இல்லை, நெருப்பு இல்லை, பாட்டின் வரிகள் பல மொழிகளில் திரையில் ஓடின, அவ்வளவுதான். 26 பாட்டுகளில் கடைசியாக மேடை ஏறினார்கள். நடுவர் குழுக்கள் 59 புள்ளி கொடுத்துப் பதினேழாவது இடத்தில் வைத்தன. மக்கள் ஓட்டு வந்ததும் 249, மூன்றாவது. மொத்தம் 308, ஐந்தாவது இடம். விடியற்காலை இரண்டரைக்கு மேல் இருக்கும், அந்த 249 வந்தபோது நாங்கள் எழுந்து நின்று கத்தினோம். பாட்டின் நுணுக்கத்தை அளக்கத் தெரிந்தவர்களுக்கு அதன் அவசரம் தெரியவில்லை, வீட்டில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரிந்தது. நடுவர் முறை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, பத்தியாத்தோ மாதிரிப் பாட்டுகளுக்கு நடுவர்கள் வேண்டும். ஆனால் பதினேழாவது இடம் அநியாயம், அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன்.

2022ல் போட்டி டுரினிலேயே நடந்தது, தோட்ஸியின் ஊரில். மஹ்மூதும் ப்ளாங்கோவும் ‘ப்ரிவிதி’ பாடினார்கள், 268 புள்ளி, ஆறாவது. மஹ்மூதின் அம்மா சார்டினியாக்காரர், அப்பா எகிப்தியர். 2019ல் தனியாக வந்து இரண்டாவது இடம் பிடித்தவர். ப்ளாங்கோவுக்கு அப்போது 19 வயது. இது காதல் பாட்டு, ஆனால் நம் சினிமா டூயட் மாதிரி ஒருவர் கேள்வி கேட்டு இன்னொருவர் பதில் சொல்வதில்லை. இரண்டு பேரும் அவரவர் காதலை, அவரவர் தோல்வியை, அடுத்தடுத்து நின்று சொல்கிறார்கள், யார் யாரைக் காதலிக்கிறார்கள் என்பதைக் கேட்கிறவர் எப்படி எடுத்துக்கொண்டாலும் பாட்டு தாங்கும். என் தம்பி தலைமுறைக்கு இதுதான் இத்தாலியின் சிறந்த டூயட். நான் ஒத்துக்கொள்ளமாட்டேன், ஆனால் பல்லவிக்கு முன்னால் மஹ்மூதின் குரல் உடைந்து மேலே ஏறும் அந்த இடத்தில் எனக்கும் பேச்சு வராது.

தோட்ஸியும் ராஃபும் 2019ல் மறுபடி சேர்ந்து ஊர் ஊராகக் கச்சேரி செய்தார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்தப் பல்லவியைக் கூட்டம் முழுக்கத் திருப்பிப் பாடியது. கேட்டுப் பார்க்க நினைப்பவர்கள் முதலில் 1987 மேடைப் பதிவைத் தேடிக் கேளுங்கள், அதில் வாத்தியக்குழுவின் சத்தமும் இரண்டு பேரின் மூச்சும் தனித்தனியாகக் கேட்கும். அடுத்தது 1984. 1975ஐ இரவில் கேளுங்கள். 2018ஐக் கேட்கும்போது வரிகளின் அர்த்தத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், மெட்டை மட்டும் கேட்டால் பாதிதான் கிடைக்கும். 2023லிருந்து போட்டியில் இல்லாத நாடுகளில் இருப்பவர்களும் இணையம் வழியாக ஓட்டுப் போடலாம், மீதி உலகம் முழுவதும் சேர்த்து ஒரே ஒரு நாட்டின் ஓட்டாகக் கணக்கு. மொரிஷியஸும் அதில் உண்டு, தமிழ்நாடும் உண்டு. இத்தாலி அடுத்த தடவை இரண்டு பேரை அனுப்பினால், அவர்கள் இத்தாலியத்தில் பாடினால், என் ஓட்டு அவர்களுக்குத்தான், மாமியின் ஓட்டையும் வாங்கித் தருகிறேன், பெண்ணுக்கு இரண்டு வரிக்கு மேல் இருந்தால்.